இரண்டு கையும் சமம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களின் கண்ணைப் பற்றி ஊரார் சொல்லும் பெருமையில் பாதியை நம்பலாம். மீதி வியாபாரிகள் சேர்த்துவிட்டது. சந்திரவல்லி முழுவதையும் நம்பினாள். நம்பித்தான், 1986 ஐப்பசியில், தன் ஏழு வருட ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுபோய் ஒச்சம்மாளின் கண்ணில் வைத்தாள்.

சந்திரவல்லி ராக்கையாவின் ஒரே மகள். ராக்கையாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம், போடியில் வீட்டுக்குப் பின்னால் காய் பொறுக்கும் கொட்டகை. மகள் பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி செய்கிறாள் என்பதை அவர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்த விதத்தில் ஏதோ கோளாறு இருந்தது. அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேராவது ஜாதகத்தோடு வந்து நின்றார்கள். முதல் சில வருடம் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். பிறகு, செவ்வாய் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி அனுப்பப் பழகிக்கொண்டாள்.

இந்த முறை அவள் வந்தது லீவுக்கு அல்ல. மலைப் பாதையில் ஒரு கொண்டையூசி வளைவில் ராக்கையாவின் ஜீப்பு சுவரில் மோதி, மனிதருக்கு இடுப்பெலும்பு விட்டுவிட்டது. மதுரையில் வைத்தியம் பார்த்துக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருந்தார்கள். அம்மா போய் நாலு வருடம் ஆகியிருந்தது. மகளை விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஆய்வேட்டை 1987 மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டித்தாகிவிட்டது, மூன்றாவது முறை என்ற பேச்சே கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. ஆகவே துணிமணியை ஒரு பையிலும் வானத்துப் படங்களை ஒரு தகரப் பெட்டியிலும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

படங்கள் அத்தனையும் ஒரே இடத்தைப் பிடித்தவை. சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், ஒட்டினாற்போல் இரண்டு புள்ளிகள். அவை இரண்டல்ல, ஒன்றுதான் என்பது 1979இல் தெரியவந்தது. வெகு தொலைவில் ஒரு குவேசார் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கருந்துளை. அதைச் சுற்றிச் சுழன்றபடி உள்ளே விழும் வாயு, தட்டு மாதிரிப் பரந்து, கொதித்து ஒளி விடுகிறது. நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு விண்மீன் கூட்டம் குறுக்கே நிற்கிறது. அதன் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்து இரண்டு பக்கமாகவும் நம்மிடம் அனுப்பிவைக்கிறது. ஒன்று இரண்டாகத் தெரிவது அதனால்தான். இரண்டு வழியும் ஒரே நீளம் இல்லை. குவேசார் கொஞ்சம் கூடுதலாக மினுங்கினால் அது முதல் புள்ளியில் தெரிந்து, பதினான்கு மாதம் கழித்துத்தான் இரண்டாவது புள்ளியில் தெரியும். அது பதினெட்டு மாதம் என்று வெளிநாட்டில் சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சந்திரவல்லி முந்தைய அத்தியாயங்களில் பதினான்குக்கு வந்து சேர்ந்திருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

கடைசி அத்தியாயத்தின் கேள்வி வேறு. முதல் புள்ளியையும், பதினான்கு மாதம் கழித்து எடுத்த இரண்டாவது புள்ளியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் ஒன்று மட்டும் தனியாகப் பிரகாசம் கூடிக்கொண்டே போனால் அது குவேசார் செய்த வேலை அல்ல. குறுக்கே நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு நட்சத்திரம் அந்த ஒளியின் வழியில் மெல்லக் கடந்துபோகிறது, தன் பங்குக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பொருள். அப்படிக் காட்ட வேண்டுமானால் ஒளி விடும் தட்டு சிறியதாக இருக்க வேண்டும். அகலமான தட்டை ஒற்றை நட்சத்திரம் ஒன்றும் செய்துவிட முடியாது. எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத அந்தத் தட்டு எவ்வளவு அகலம் என்பதை, இந்த வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சொல்லிவிடலாம். ஏழு வருடமும் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

இதைக் கருவியால் அளக்க முடியவில்லை. புள்ளிகள் அவ்வளவு நெருக்கம்; கருவி இரண்டையும் சேர்த்தே விழுங்கியது. கண்ணால் அளக்க ஒரு பழைய முறை உண்டு. சிறிதிலிருந்து பெரிதாக நாற்பது கறுப்புப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்த ஒரு பிலிம் துண்டு. படத்தில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் இருக்கும். பிரகாசம் கூடினால் புள்ளி பெரிது. துண்டைப் படத்தின் மேல் நகர்த்தி, எந்தப் புள்ளி ஒத்துப்போகிறதோ அதன் எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சந்திரவல்லிக்கு எந்தத் தேதிக்கு என்ன வர வேண்டும் என்பது மனப்பாடம். தெரிந்த கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால், ஒன்றும் தெரியாத ஒருவரை வைத்து அளக்கச் சொல்லி வழிகாட்டிப் பேராசிரியர் எழுதியிருந்தார். 'ஒன்றும்' என்பதன் கீழே கோடும் போட்டிருந்தார்.

கொட்டகையில் இருபது பெண்கள் காய் பொறுக்கினார்கள். அதில் ஒச்சம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. பன்னிரண்டு வயதில் முறத்தின் முன்னால் உட்கார்ந்தவள். பச்சையில் நாம் ஒன்று பார்க்கிற இடத்தில் அவள் ஐந்து பார்ப்பாள். அவளைக் காலையில் இரண்டு மணி நேரம் தனக்குக் கொடுக்கும்படி சந்திரவல்லி அப்பாவிடம் கேட்டாள். படிப்புக்கு என்றால் ராக்கையா தோட்டத்தையே கொடுத்துவிடுவார். கொட்டகையின் கங்காணி சுருளிவேல்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மாடி அறையில் வடக்கு ஜன்னல் பக்கம் மேசை போட்டார்கள். அறுபத்திரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் முதல் புள்ளியின் படம், வலப்பக்கம் பதினான்கு மாதம் பிந்திய இரண்டாவது புள்ளியின் படம். தேதி பின்பக்கம் இருந்தது. அட்டைகளைக் கலைத்துப் போட்டுத்தான் கொடுத்தாள். ஒச்சம்மாள் பிலிம் துண்டை விரல் நுனியால் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண்ணைச் சொன்னாள். இருபத்தொன்று, இருபத்து மூன்று. பத்தொன்பது, பத்தொன்பது. இரண்டு நாளில் பன்னிரண்டு அட்டை ஆயிற்று. சிலவற்றில் இரண்டு எண்ணும் ஒன்று, சிலவற்றில் வேறு.

மூன்றாம் நாள் ஒச்சம்மாள், இது என்னத்துக்கு ஆத்தா, என்ன புள்ளி இது என்று கேட்டாள்.

சும்மா இரு என்று சொல்லியிருக்கலாம். கோடு போட்ட கடிதம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கி வேலை செய்கிறவளிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை. அதோடு, ஜாதகத்தை நீட்டாமல் ஒருவர் தன் வேலையைப் பற்றிக் கேட்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். ஒரே தோட்டத்துக் காயை இரண்டு ஜீப்பில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள். ஒன்று போடிமெட்டு வழியாக இறங்கி மத்தியானமே வந்துவிடுகிறது. இன்னொன்று குமுளி, கம்பம் என்று சுற்றிக்கொண்டு பொழுது சாய வருகிறது. வந்த நேரம்தான் வேறே தவிர, காய் ஒன்றுதான். அதுபோல இந்த இரண்டு புள்ளியும் ஒன்றேதான்.

ஒரு ஜீப்பின் லோடு மட்டும் வழியில் மழையில் நனைந்திருக்கலாம், அந்த ஈரத்தைத்தான் நான் தேடுகிறேன் என்ற மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. சொன்னால் கண் கெட்டுவிடும் என்று அங்கேதான் அவளுக்கு ஞானம் வந்தது. ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். அப்போ ரெண்டு கைதான இது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தாள். அதன் அர்த்தத்தைச் சந்திரவல்லி கேட்கவில்லை.

அன்றிலிருந்து எண்கள் அழகாக வந்தன. இருபது, இருபது. இருபத்து மூன்று, இருபத்து மூன்று. ஐம்பது அட்டையும் அப்படியே. முதல் பன்னிரண்டுதான் உறுத்தியது. கை பழகாத நேரத்தில் அளந்தது என்று சந்திரவல்லி அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பன்னிரண்டையும் திரும்ப அளக்கச் சொன்னாள், அவையும் ஒத்துப்போயின. பழைய எண்களை அடித்துவிட்டாள். அந்தச் சிவப்புக் கோட்டை இழுக்கும்போது அவளுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்கழி முழுவதும் எழுதினாள். இரண்டு புள்ளிக்கும் வித்தியாசம் இல்லை, நட்சத்திரம் எதுவும் தன் வேலையைக் காட்டவில்லை, ஆகவே தட்டு மிக அகலமானதாகத்தான் இருக்க வேண்டும். பேராசிரியர் மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். இவ்வளவு சுத்தமான பொருத்தத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அதற்குள் ராக்கையாவும் தடி ஊன்றி வீட்டுக்குள் நாலடி நடக்க ஆரம்பித்திருந்தார். ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுப்பதுதான் பாக்கி.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும். தை மாதக் கடைசியில் சுருளிவேல் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் போய்விட்டான். கொட்டகையில் ரெண்டு கை பார்க்க ஆளில்லை, நீ போய்ப் பாரு ஆத்தா என்று ராக்கையா மகளிடம் சொன்னார்.

ரெண்டு கை என்பது ராக்கையா வைத்த சட்டம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அவர் ஒன்றை நம்பாமல் இரண்டு பார்ப்பவர். ஒவ்வொருத்தியும் பொறுக்கி முடித்த குவியலில் மேலே ஒரு கை, அடியில் ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் பரப்ப வேண்டும். ஒரே மூட்டைக் காய், ஒருத்தி பொறுக்கியது. இரண்டு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மாறினால், நல்ல காயை எடுத்துக்கொண்டு வெளுத்த காயைக் கொண்டுவந்து அடியில் போட்டுவிட்டாள் என்று அர்த்தம். கேள்வி கிடையாது, மறுநாளிலிருந்து அவள் வர வேண்டாம். அந்தக் கொட்டகையின் வருமானத்தில் படித்து வளர்ந்தவள்தான் சந்திரவல்லி. என்றாலும் அன்றைக்கு முன்னால் அவள் ரெண்டு கை பார்த்தது இல்லை.

முதல் குவியல் சமம். இரண்டாவதும் சமம். பரவாயில்லையே என்று நினைத்தாள். நாலாவது குவியலில் லேசாக ஏதோ நெருடியது. ஏழாவதில் கையை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரே சாக்கிலிருந்து குருட்டாம்போக்கில் இரண்டு கை அள்ளினால் கொஞ்சமாவது கூடக்குறைய இருக்கும். சின்னக் காய் அடியில் இறங்கும், பெரியது மேலே நிற்கும். இங்கே இரண்டு கையும் காய்க்குக் காய் எண்ணி வைத்த மாதிரி இருந்தன. அள்ளின கைதான் அவளுடையது. அள்ளப்போகும் காயை வேறு யாரோ முன்பே தீர்மானித்திருந்தார்கள். ராக்கையாவின் சட்டப்படி கை குவியலில் எங்கே போகும் என்பது இருபது பேருக்கும் தெரியும்.

அங்கே நின்றபடியே, ஒச்சம்மாள் சொன்ன எண்களை வைத்துத் தான் வரைந்திருந்த வரைபடம் அவளுக்குக் கண்முன் வந்தது. ஒரே புள்ளியை ஒரே ஆள் இரண்டு முறை அளந்தால்கூட ஒரு எண், சில சமயம் இரண்டு எண் மாறும். மனிதக் கண்ணின் பிழை அவ்வளவு. ஒச்சம்மாளின் அறுபத்திரண்டு சோடியில் அந்தப் பிழைகூட இல்லை. கண்ணால் அளந்தது அப்படி ஒத்துப்போக முடியாது. பேராசிரியர் மெச்சிய சுத்தம்தான் அதன் குற்றம்.

மாடிக்கு ஒச்சம்மாளை அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கோபமாகக் கேட்கவில்லை. அட்டையில் இரண்டு புள்ளியும் நிசமாகவே சமமாகத்தான் இருந்ததா என்று மட்டும் கேட்டாள். ஒச்சம்மாள் பிலிம் துண்டை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

"செலதுல வலது கை பெருசாத்தான் ஆத்தா இருந்துச்சு. ஒரே தோட்டத்துக் காயின்னு சொல்லிட்டீக. பெறகு எப்புடி மாறும்? வெளிச்சத்துல என் கண்ணுதான் தப்புன்னு சரி பண்ணிச் சொன்னேன்."

"கண்ணு தப்புன்னு நெசமாவே நெனச்சியாக்கா?"

"இல்ல," என்றாள் ஒச்சம்மாள். "என் கண்ணு தப்பாது. எங்க அம்மா அய்யம்மா இதே கொட்டகையில இருந்தவதான். அடிக்கை மாறுதுன்னு உங்க அப்பா அவள நிப்பாட்டுனாரு. அவ ஒத்தக் காயத் தொடல. அவ எடத்துலதான் நான் வந்து உக்காந்தேன். அன்னையிலயிருந்து ரெண்டு கைன்னு சொன்னா நான் சமம்தான் சொல்லுவேன்."

இவளை நாம் என்ன சொல்ல முடியும்? விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது சந்திரவல்லி. மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக்கொடுத்தது சந்திரவல்லியின் அப்பா. பாடத்தை ஒழுங்காகப் படித்ததுதான் ஒச்சம்மாள் செய்தது.

மார்ச் முப்பத்தொன்றுக்கு ஏழு வாரம் இருந்தது. எழுதியதை அப்படியே கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பேராசிரியருக்குப் பிடித்திருக்கிறது, பட்டம் வந்துவிடும், தட்டு அகலம் என்று ஒரு பொய் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். திரும்ப அளந்தால் நேரம் போதாமலும் போகலாம். சந்திரவல்லி ஒரு நாள் முழுக்க இதை யோசித்தாள் என்று நாம் நினைத்துக்கொண்டால் அவளுக்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில் அவள் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கங்களைத் தட்டச்சுக்குக் கொடுப்பது அவளால் ஆகாத காரியம். அன்றே கத்திரிக்கோலை எடுத்து அறுபத்திரண்டு அட்டையையும் நடுவில் வெட்டினாள். நூற்று இருபத்து நாலு துண்டு. பின்பக்கத் தேதியை மறைத்து ஒரு எண் மட்டும் போட்டாள்; எந்த எண் எந்தத் துண்டு என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். எது எதற்குச் சோடி என்பது அவளுக்கே தெரியாதபடி கலைத்துச் சாக்கில் போட்டாள்.

இனி ரெண்டு கையே கிடையாது, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லு என்றாள். மாறினால் தப்பு இல்லையா என்று ஒச்சம்மாள் கேட்டாள். இல்லை, மாறுவதுதான் எனக்கு வேணும் என்று சந்திரவல்லி சொன்னாள்.

"அப்ப கொட்டகையிலயும் அப்புடித்தானா ஆத்தா?"

"ஆமாக்கா. அங்கயும்தான்."

அதைச் சொல்ல அவளுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. செவ்வாய் நல்லாத்தான் இருக்கு என்று சொல்கிற அதே சுளுவில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போனபோது வாசலில் நாற்காலி போட்டு ராக்கையா உட்கார்ந்திருந்தார். விழுந்த பிறகு அவர் கொட்டகைக்கு வந்தது அன்றைக்குத்தான். வந்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது; ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி விசாரித்தார். பெண்கள் தலை நிமிராமல் பதில் சொன்னார்கள். சந்திரவல்லி குவியல் குவியலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சமம்.

ஒச்சம்மாளின் குவியலில் கை விட்டு அள்ளித் தட்டில் பரப்பினாள். மேல் கை பெருங்காய், நல்ல பச்சை. அடிக்கை ஒரு பிடி சின்னது, நிறமும் ஒரு மாற்றுக் குறைவு. ஒரே சாக்குக் காய் இயல்பாக எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஒச்சம்மாள் ஒன்றையும் அடுக்கி வைக்கவில்லை. நேற்றுச் சொன்ன வார்த்தையை நம்பிவிட்டிருந்தாள்.

இருபது பேரும் முறத்தை நிறுத்தியிருந்தார்கள். நாற்காலியில் இருந்து, என்ன ஆத்தா என்று ராக்கையா கேட்டார். மாறுது, ஆனா மாறினா தப்பில்லப்பா என்று சொல்ல வேண்டும். அதற்கான காரணங்கள் அத்தனையும் அவளிடம் இருந்தன. ஏழு வருடமாக அதைத்தானே படித்தாள். அவர் எழுந்து வந்து தட்டைப் பார்த்தால் ஒச்சம்மாள் நாளைக்கு வரமாட்டாள். தான் பேசி அவரை மாற்ற முடியுமா என்று பார்ப்பதற்குள் அந்த மனிதர் எழுந்திருக்கத் தடியை ஊன்றிவிட்டார்.

"சமம்தாம்ப்பா," என்று சொல்லி, இரண்டு கையையும் சேர்த்துக் குவியலிலேயே கொட்டினாள்.

ராக்கையா திரும்பவும் சாய்ந்துகொண்டார். ஒச்சம்மாள் காலியான தட்டைப் பார்த்தாள், பிறகு குவியலைச் சாக்கில் அள்ளினாள். முறங்கள் மறுபடி அசைந்தன.

ஒச்சம்மாள் இனி மாடிக்கு வரமாட்டாள் என்று சந்திரவல்லி எதிர்பார்த்தாள். வந்தாள். ஒன்பது நாள் வந்தாள். துண்டு துண்டாக எடுத்து, எண்ணைச் சொல்லி, தள்ளி வைத்தாள். எதற்கு எது சோடி என்று தெரியாததால், அவளே நினைத்தாலும் சமப்படுத்த வழியில்லை. பத்தாம் நாள் காலையில் சந்திரவல்லி உறையைப் பிரித்து, பின்பக்க எண்களைப் பட்டியலோடு வைத்துச் சோடி சேர்த்தாள். முதல் வருடங்களில் இரண்டு புள்ளியும் ஏறக்குறைய ஒன்று. பிறகு இரண்டாவது புள்ளி மட்டும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போனது. அவள் சிவப்புக் கோட்டால் அடித்த அந்தப் பன்னிரண்டு சோடியிலும் இதேதான் இருந்தது. ஏதோ ஒரு நட்சத்திரம், யாரும் அதைப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, குறுக்கே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் தட்டு சிறியது. ஒளி சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கடந்துவிடும் அகலம்தான். அந்த ஏற்றத்தைக் கறுப்பு மையால் வரைபடத்தில் கோடாக வரைந்து முடித்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ பார்த்தது எல்லாம் சரி, நிசமாகவே மாறுகிறது என்று ஒச்சம்மாளிடம் சொன்னாள்.

ஒச்சம்மாள் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "அன்னைக்கு என் குவியல்ல மாறினதும் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதான இருக்கும்?" என்றாள்.

"தெரிஞ்சுச்சுக்கா."

"பெறகு?"

"பயமா இருந்துச்சு."

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். எனக்கும் அதே சோலிதான் ஆத்தா, என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து அவள் குவியலில் இரண்டு கையும் சமமாகவே இருந்தன.

ஆய்வேடு மார்ச் இருபத்தெட்டில் போய்ச் சேர்ந்தது. முதல் அளவீடு முழுவதும் தள்ளப்பட்டது, பிழை அளந்தவருடையது அல்ல, வர வேண்டிய விடையை அவரிடம் முன்கூட்டியே சொன்ன ஆய்வாளருடையது என்று முறைகளைச் சொல்லும் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாள். அது தேவையா என்று பேராசிரியர் கேட்டார். தேவை என்றாள்.

ஐப்பசியில் வாய்மொழித் தேர்வு. நான் வராமலா என்று ராக்கையா தடியோடும் பட்டுத் துண்டோடும் பெங்களூர் வந்து, கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அவருக்கு மகளின் குரலைக் கேட்டதே போதும். ஒன்றரை மணி நேரம் ஒரு சிக்கலும் இல்லை. கடைசியில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த இரண்டு வரியில் வந்து நின்றார். விடை தெரிந்தால் கண் கொஞ்சம் சாயும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இங்கே சாயவில்லை, துடைத்து வைத்த மாதிரி சமமாகிவிட்டிருக்கிறது. ஒருவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

மனித மனம் அப்படித்தான் என்று சொல்லி முடித்திருக்கலாம். தேர்வாளரும் அதற்குத் தயாராகத்தான் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். சந்திரவல்லிக்கு வெள்ளைத் தட்டும், தான் அதைக் கொட்டிய அவசரமும் ஞாபகம் வந்தன. என் அப்பாவின் கொட்டகையில் இரண்டு கை மாறினால் வேலை போய்விடும், அளந்தவர் அங்கே முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறவர், இவையும் இரண்டு கைதான் என்று நான் அவருக்குச் சொல்லிவிட்டேன் என்று சொன்னாள். அந்த அப்பா இவர்தானா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றாள். கூடம் முழுவதும் திரும்பி ராக்கையாவைப் பார்த்தது. மகளைப் பெற்றதற்குத் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவர் எழுந்து நின்று எல்லாரையும் கும்பிட்டார்.

பட்டம் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து போடி ரயிலில் வரும்போது, உசிலம்பட்டி தாண்டியதும், அன்னைக்கு ஏன் எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாக என்று ராக்கையா கேட்டார். சந்திரவல்லி ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னாள். ஒச்சம்மாள் எண்களைச் சமப்படுத்தியது, அய்யம்மாளை அவர் நிறுத்தியது, அவர் கண்ணெதிரே தானே சமம் என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும். ஆண்டிபட்டி வந்ததும் அவர் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நீ சொல்றது தப்பு ஆத்தா. ஆரம்பத்துல நாலஞ்சு பேர நிப்பாட்டுனேன், இல்லங்கல. ஆனா அதுக்குப் பெறகு, இந்த முப்பது வருசத்துல, என் கொட்டகையில ரெண்டு கை மாறினதுன்னு ஒரு நாள்கூடக் கெடையாது. ஒரு நாள்கூட. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"அந்த முப்பது வருசத்தத்தாம்ப்பா நான் அங்க சொன்னேன்," என்றாள் சந்திரவல்லி.